கதவு நிலையில் இரண்டு துளைகள்

தர்ஷினி, நிரோஷன், இதை நான் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீங்கள் படிக்கிற வேகத்தைப் பார்த்தால், இதை முழுதாக வாசித்து முடிக்க உங்களுக்கு இன்னும் பத்து வருஷமாவது செல்லும். அது எனக்கு வசதிதான். இதில் உள்ள விஷயம் அந்த வயதில் உங்களுக்குத் தெரிந்தால் போதும். அதற்கிடையில் ஊரிலும் இங்கேயும் இருக்கிற பெரிய ஆட்கள் வாசிக்கட்டும். அவர்களில் பாதிப்பேரிடம் இதே மாதிரி ஒரு கதை இருக்கும். சொல்லமாட்டார்கள்.

நான் நடைபாதையில் நடக்கிற விதத்தைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். ரொறன்ரோவில் சில இடங்களில் நடைபாதைச் சீமெந்தின் மூலையில் அதைப் போட்ட கொம்பனியின் பெயரும் ஆண்டும் குத்தியிருக்கும். சீமெந்து ஈரமாக இருக்கும்போது அச்சு வைத்து அமத்தியது. சனம் எல்லாம் அதன்மேல் சப்பாத்தோடு போகும், நாய் போகும், சாமான் வண்டில் போகும். நான் மட்டும் காலை எட்டி வைத்துத் தாண்டுவேன். "அப்பா, யூ லுக் லைக் யூ ஆர் டான்ஸிங்" என்று நிரோஷன் சொல்லுவான். எழுத்தை மிதிக்கக்கூடாது என்று பழகின கால் அது. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஆனால் குயின் வீதியில் குனிந்து நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினால் யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் தாண்டுகிறேன். இவ்வளவு காலமும் காரணம் இதுதான். போன வருஷம் முதல் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது.

தர்ஷினி, உனக்கு ஆறாம் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் குடும்பம் கனடாவுக்கு வந்த வழியை உலகப்படத்தில் கீறு என்று. நீ சிவப்புப் பேனையால் யாழ்ப்பாணத்தில் தொடங்கிக் கொழும்பு, சிங்கப்பூர், ரொறன்ரோ என்று ஒரே கோடாக இழுத்தாய். அதைக் கொண்டுவந்து, "அப்பா, இஸ் திஸ் ரைட்?" என்று கேட்டாய். நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஓம், வடிவாக் கீறியிருக்கிறாய்" என்றேன். வடிவாகத்தான் கீறியிருந்தாய். சரியாகக் கீறவில்லை. அது உன் பிழை இல்லை.

சிங்கப்பூரை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. அங்கே விமான நிலையத்தில் கம்பளம் என்ன நிறம் என்று யாராவது கேட்டால் சொல்வதற்காக ஒரு நிறத்தைப் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. நான் போனது கொழும்பிலிருந்து மொஸ்கோவுக்கு, அங்கிருந்து கிழக்கு பேர்லினுக்கு. அந்தக் காலத்தில் அது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வாசல். கிழக்கில் இறங்கி ஒரு ரயிலில் ஏறினால், சில தரிப்புகளில் வேறு ஒரு நாடு வந்துவிடும். ரயிலில் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நீ அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தாய். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் நான் மேற்கு பேர்லினில், குரொய்ஸ்பெர்க் என்ற பகுதியில் அகதியாக இருந்தேன். அந்த இரண்டு வருஷமும் நடக்கவில்லை. கனடாவின் கடதாசிகளில் நடக்கவில்லை. உன் சிவப்புக் கோட்டிலும் நடக்கவில்லை.

பேர்லினில் வீட்டுக்குப் பின்னால் வீடு இருக்கும். வீதியைப் பார்த்தபடி ஒரு முன்வீடு, அதற்குப் பின்னால் ஒரு முற்றம், முற்றத்துக்கு அப்பால் வெயில் படாத ஒரு பின்வீடு. நாற்பத்துமூன்றாம் இலக்கத்துப் பின்வீட்டில், மூன்றாம் மாடியில், இடது கதவுக்குள் நாங்கள் பதினொரு பேர் இருந்தோம். அறை இரண்டு. உங்களுக்கு ராசன் மாமாவைத் தெரியும், ரெக்ஸ்டேலில் வீடியோக் கடை வைத்திருக்கிறவர். அவரும் அந்தப் பதினொரு பேரில் ஒருவர். அவர் உங்களுக்கு அதைச் சொல்லியிருக்கமாட்டார்.

அந்தக் கதவு நிலையில், உள்ளே போகும்போது வலதுகைப் பக்கம், தோள் உயரத்தில் ஒரு தழும்பு இருந்தது. விரல் நீளம், சற்றுச் சரிவாக. எத்தனையோ தரம் பெயின்ற் அடித்தும் அந்த இடம் பள்ளமாகத்தான் தெரிந்தது. தழும்பின் மேல் நுனியில் ஒரு துளை, கீழ் நுனியில் ஒரு துளை. முதலில் கண்டது ராசன்.

"மச்சான், உது ஊதுபத்தி குத்திறதுக்கெண்டே செய்து வைச்ச ஓட்டை" என்றான்.

"ஜேர்மன்காரன் ஏன்ரா ஊதுபத்தி குத்துறான்?"

"ஜேர்மன்காரன் இல்லையடா. எங்களுக்கு முந்தி ஆரோ எங்கட ஆள் உதுக்கை இருந்திருக்கிறான்."

அந்த நினைப்பு எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முன்பின் தெரியாத ஊரில் எங்களுக்கு முன்னால் ஒருவன் இருந்து, சாமி கும்பிட்டு, எங்கேயோ நல்ல இடத்துக்குப் போயிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமைகளில் தழும்பின் நடுவில் சந்தனப் பொட்டு வைத்து, இரண்டு துளையிலும் ஊதுபத்தி குத்துவோம். கீழ்த்துளையில் பத்தி இறுக்கமாக நிற்கும். மேல்துளை பெரிது. பத்தி ஒருபக்கம் சரிந்து விழும். ஒருநாள் என் சட்டைத் தோளில் விழுந்து ஓட்டை போட்டுவிட்டது. அதற்குப் பிறகு ராசன் சிகரெட்டின் பஞ்சை அதற்குள் அடைத்து, அதில் குத்தினான். இந்தப் பஞ்சு விஷயத்தை ஞாபகம் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

அங்கே எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, குடும்பத்தைக் கூப்பிட வழி இல்லை. அதனால் ஒரு ஏஜென்ற் மூலம் கனடாவுக்கு வந்தேன். அவர் சொல்லித் தந்தது ஒன்றேயொன்று. "ஜேர்மனியில இருந்தனெண்டு சொன்னால் அங்கயே திருப்பி ஏத்திப்போடுவான். நேர வந்தனெண்டு சொல்லு." விசாரணையில் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த அம்மா நல்ல மனுசி. எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தா. இலங்கையை விட்ட பிறகு வேறு ஏதாவது நாட்டில் வாழ்ந்தீர்களா என்று கேட்டா. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்கு முன்பே நான் "நோ" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. மற்றதெல்லாம், ஊரில் நடந்ததெல்லாம், உண்மை. அந்த "நோ"வின் மேல்தான் அம்மாவும் நீயும் வந்தீர்கள், நிரோஷன் பிறந்தான், பார்க்டேல் அப்பார்ட்மென்ற்றில் குளிர்சாதனப் பெட்டி வந்தது, அதன் கதவில் உன் உலகப்படம் ஒட்டப்பட்டது.

நான் பத்தர்ஸ்ட் வீதியில் ஒரு அப்பார்ட்மென்ற் கட்டிடத்தில் துப்புரவு வேலையும் பெயின்ற் வேலையும் செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே அநேகமாக வயதான யூதச் சனங்கள். ஒருநாள் நாலாம் மாடியில் நிலம் மினுக்குகிற மெஷின் திமிறி என் முழங்காலில் அடித்தது. வலியில் ஒரு கெட்ட சொல் வாயில் வந்துவிட்டது. ஊரில் அடிபட்டால் "அம்மா" என்பேன். இங்கே ஏனோ ஜேர்மன் கெட்ட வார்த்தைதான் வரும். பின்னால் ஒரு கதவு திறந்தது. ஒரு கிழவர், கையில்லாத கம்பளிச் சட்டை, கழுத்தில் ஒரு அளவு நாடா.

"இந்தச் சொல்லை எங்கே படித்தாய்?" என்றார்.

"டெலிவிஷனில்" என்றேன்.

"எந்தச் சனல்?"

அவர் கேட்டது ஜேர்மன் மொழியில் என்பது, நான் பதில் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் மெஷினைத் தள்ளிக்கொண்டு எலிவேற்றருக்குள் போய்விட்டேன். முழங்கால் நோவு எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தக் கிழவர், மிஸ்டர் ஆர்னோ, ஒட்டாவாவில் இருக்கிற குடிவரவுக்காரருக்கு ரெலிபோன் எடுப்பார் என்று ஒரு கிழமை முழுக்கக் காத்திருந்தேன். அவர் எடுக்கவில்லை. அடுத்தமுறை கண்டபோது, "எனக்கும் முழங்கால் அடிபட்டால் அதே சொல்தான். மற்றதெல்லாவற்றையும் நான் இங்கிலிஷுக்கு மாற்றிவிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து கொரிடோரில் எல்லாக் கதவு நிலைகளுக்கும் பெயின்ற் அடிக்கச் சொன்னார்கள். நிலையில் ஒட்டியிருப்பதை எல்லாம் கழற்றிவிட்டு அடி என்றார் சுப்பர். சுப்பர் என்பது கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். மிஸ்டர் ஆர்னோவின் நிலையில், வலது பக்கம், தோள் உயரத்தில், விரல் நீளத்தில் ஒரு சின்ன உலோகக் குழல், சரிவாக ஆணி அடித்திருந்தது. இப்படி எத்தனையோ கதவுகளில் முன்பே கண்டிருக்கிறேன், ஏதோ மணியாக்கும் என்று நினைத்திருக்கிறேன். ஸ்குரூட்ரைவரை வைத்தபோது அவர் கதவைத் திறந்து, "அதைத் தொடாதே, சுற்றி அடி" என்றார். என்ன இது என்று கேட்டேன். உள்ளே வேதவாக்கியம் எழுதிய ஒரு சுருள் இருக்கிறது, யூதர் வீடென்றால் வாசலில் இப்படி ஒன்று இருக்கும், உள்ளே போகிற வலது பக்கம், சரிவாக, என்றார்.

என் வாய்தான் எனக்கு எதிரி. "அப்ப அது ஊதுபத்தி குத்துகிற இடம் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. பேர்லின் வீட்டைச் சொன்னேன். தழும்பைச் சொன்னேன், சந்தனத்தைச் சொன்னேன், மேல்துளை பெரிதாக இருந்ததையும் சிகரெட் பஞ்சையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பெயின்ற் வாளியின் மூடியின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எந்த வீதி?" என்றார். சொன்னேன். "மூன்றாம் மாடியா? பின்வீடா? இடது கதவா?" எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன்.

"அப்பாவிடம் ஒரு ஆணிதான் இருந்தது" என்றார். "மற்றதை ஒரு நிலக்கரிப் பெட்டியிலிருந்து பிடுங்கினார். பெரிய ஆணி. மரம் வெடித்துவிட்டது. ஹன்னா பார்த்துவிட்டு, கடவுளுக்கு ஒரு காதில் பெரிய தோடு, ஒரு காதில் சின்னத் தோடு என்றாள்."

ஹன்னா அவருடைய தங்கை. பதினொரு வயது. ஹிட்லர் காலத்தில் மிஸ்டர் ஆர்னோவை ஒரு ஃபாக்டரியில் கட்டாய வேலைக்குப் பிடித்துவைத்திருந்தார்கள். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், கதவில் கடதாசி ஒட்டி முத்திரை குத்தியிருந்தது. தகப்பனும் இல்லை, தங்கையும் இல்லை. அவர் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. படியிறங்கி ஓடி, யுத்தம் முடியும்வரை ஒளிந்திருந்து பிழைத்தார். மற்ற இருவரும் பிழைக்கவில்லை.

அவர் எழும்பி உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்துவந்து காட்டினார். பேர்லினில் சில சாதாரணச் சனங்கள் சேர்ந்து எழுதியிருந்தார்கள். கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும், அவர்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலில், நடைபாதையில், உள்ளங்கை அளவு ஒரு கல் பதிக்கிறார்கள். மேலே பித்தளைத் தகடு. "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன ஆண்டு, கொன்ற இடம். ஒரு ஆளுக்கு ஒரு கல். ஒரு சிற்பி வாளியும் சுத்தியலுமாக வந்து முழங்காலில் நின்று பதிக்கிறாராம். அரசாங்கத்தின் அனுமதி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சில இடங்களில் பதித்துவிட்டாராம்.

எனக்கு உடம்பு கூசியது. "நிலத்திலா? பெயரையா? சனம் மிதிக்குமே" என்றேன்.

"நீ மிதிப்பாயா?"

"நான் தாண்டிப்போவேன்."

"நல்லது" என்றார். "ஹன்னாவுக்காக அந்த வீதியில் யாரும் ஒரு அடி விலகினதில்லை. இனி விலகட்டும். விலகாதவன் மிதிக்கட்டும், மிதித்தால் பித்தளை மினுங்கும்."

ஆனால் ஒரு பிரச்சினை இருந்தது. பழைய பதிவுகளில் அவர்களுடைய வீடு நாற்பத்தொன்று. யுத்தத்துக்குப் பிறகு அந்த வீதியில் இலக்கங்களை மாற்றியிருந்தார்கள் போலிருக்கிறது. இப்போதைய நாற்பத்தொன்றா, நாற்பத்துமூன்றா என்று தெரியவில்லை. நாற்பத்துமூன்றின் சொந்தக்காரர், தன் பின்வீடு எப்போதும் பட்டறைதான், அங்கே ஒருகாலமும் ஒருவரும் குடியிருந்ததில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டைத் திருத்திப் பழைய கதவு, நிலை எல்லாம் மாற்றியாகிவிட்டது. நிச்சயமில்லாவிட்டால் நாற்பத்தொன்றின் முன் பதிக்கலாம், பத்து அடிதான் வித்தியாசம் என்று கடிதக்காரர்கள் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

"பத்து அடி" என்றார் மிஸ்டர் ஆர்னோ. "கல்லின் முதல் சொல் 'இங்கே'. பத்து அடி தள்ளிவைத்தால் முதல் சொல்லே பொய். நீ எழுதித் தருவாயா? அந்த வீட்டில் இருந்தேன், அந்தத் துளைகளைக் கண்டேன் என்று. பெயர் போட்டு, கையெழுத்து வைத்து."

நான் பெயின்ற் பிரஷைக் கழுவப் போகவேண்டும் என்றேன்.

உங்களுக்கு இப்போது விளங்கும். அந்த வீட்டில் ஒருவரும் இருந்ததில்லை என்று சொன்னது அந்தச் சொந்தக்காரர் மட்டுமல்ல. நானும்தான் சொல்லியிருக்கிறேன், சத்தியம் செய்து, கனடா அரசாங்கத்துக்கு. அதோடு அப்போது எங்கள் குடியுரிமை விண்ணப்பம் ஒட்டாவாவில் கிடந்தது. பேர்லினுக்குப் போகிற கடிதம் எப்படியும் ஒட்டாவாவுக்குப் போகும் என்று நான் நம்பினேன். எப்படிப் போகும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பயத்துக்குத் தபால்காரன் தேவையில்லை.

ராசனிடம் போய்ச் சொன்னேன். அவன் கடையில் வீடியோப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடையில் வேறு ஒருவரும் இல்லை, என்றாலும் ரீவீயின் சத்தத்தைக் கூட்டினான்.

"உனக்கென்ன விசரே? ஆரோ ஒரு கிழவனுக்காக உன்ர பிள்ளையளை பிளேன் ஏத்தப் போறியோ?"

"ஆரோ ஒரு கிழவன் இல்லை மச்சான். எங்கட அறை அது. நீ பஞ்சு வைச்ச ஓட்டை, அவற்ர தேப்பன் அடிச்ச ஆணி."

"நான் ஒரு பஞ்சும் வைக்கேல்லை."

"டேய்."

"நான் ஜேர்மனியை உலகப்படத்திலயும் கண்டதில்லை. எனக்குச் சிங்கப்பூர்தான் தெரியும். நல்ல துப்புரவான ஊர்." பிறகு கொஞ்ச நேரம் பெட்டி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப எங்களுக்கு முந்தி இருந்தது எங்கட ஆள் இல்லையே?" என்று கேட்டான். நான் இல்லை என்று தலையாட்டினேன். "சின்னப் பிள்ளையே?" என்றான். ஓம் என்றேன். அவன் ரீவீயை நிறுத்திவிட்டான். ஆனாலும், "கையெழுத்து மட்டும் வையாதை" என்றான்.

அம்மாவிடம் சொன்னபோது அவ வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. "இஞ்சேருங்கோ, பேர் போடாமல் எழுதிக் குடுக்கேலாதோ? ஒரு நலன்விரும்பி எண்டு போடுங்கோவன்" என்றா. அது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. அடுத்தநாள் மிஸ்டர் ஆர்னோவிடம், நடந்ததை எல்லாம், என் "நோ"வையும் சேர்த்துச் சொல்லி, பெயரில்லாமல் எழுதித் தரலாமா என்று கேட்டேன்.

அவர் பொய்யைக் கேட்டுக் கோபிக்கவில்லை. முகம் மலர்ந்தது. "கனடாவுக்கு நீயும் பொய் சொன்னாயா? வா, உட்கார்" என்றார். யுத்தம் முடிந்து அவர் அகதி முகாமில் இருந்தபோது, கனடாவுக்குத் தையல்காரர் தேவை என்று வந்தார்களாம். தான் தையல்காரன் என்று கையைத் தூக்கினாராம். ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது. தெரிவு செய்ய வந்த மனுசன் ஒரு கோட்டைக் கொடுத்து ஒரு பொத்தான் தைக்கச் சொன்னான். தைத்துக் கொடுத்தார். அவன் தொட்டுப் பார்க்க, பொத்தான் அவன் கையோடு வந்துவிட்டது. "அந்த மனுசன் பொத்தானைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, ஜன்னலைப் பார்த்தான். பிறகு என் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டான். அதற்குத் தண்டனையாக ஸ்பதைனா வீதியில் முப்பத்தொரு வருஷம் கோட்டுத் தைத்தேன்." கழுத்தில் கிடந்த அளவு நாடா ஏனென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு பெயரில்லாத கடிதம் வேண்டாம் என்றார். "எங்கள் வீட்டுக்கு அந்தக் காலத்தில் பெயரில்லாத கடிதங்கள் நிறைய வந்தன. எல்லாம் எங்களைப் பற்றி நிறையத் தெரிந்தவர்கள் எழுதியவை." பிறகு, "உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடு. நான் நாற்பத்தொன்றுக்கே சம்மதித்து எழுதிவிடுகிறேன்" என்றார். அன்றைக்கே எழுதினார். அவருக்கு முழங்கால் ஏலாது. கடிதத்தை உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, போகிற வழியில் பெட்டியில் போடச் சொல்லி என்னிடமே தந்தார்.

பத்தர்ஸ்ட் வீதியில் சிவப்புத் தபால் பெட்டிக்கு முன்னால் நான் இரண்டு பஸ் போகும்வரை நின்றேன். பெட்டியின் வாயைத் திறந்தேன், மூடினேன். ஒரு வெள்ளைக்காரி, பெட்டி பழுதா என்று கேட்டா. இல்லை, நான்தான் என்றேன். அவவுக்கு விளங்கவில்லை. கடிதத்தைப் போடாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பால் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டிக்குப் போனால், உன் உலகப்படம். ஆசிரியை மூலையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தா. நான் சொன்ன பொய்க்குப் பரிசு என் பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். என் பிள்ளை வந்த வழி பிழையாக நிற்கிறது, இன்னொருவரின் தங்கையின் வாசலும் பிழையாக நிற்கப்போகிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே ஆளின் ஒரே சொல். ஒன்றையாவது திருத்தலாம் என்று பட்டது.

அடுத்தநாள் அவருடைய கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவருடைய மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். என் இங்கிலிஷ் அதிகம் தூரம் போகாது. இந்த வீதி, இந்த இலக்கம், பின்வீடு, மூன்றாம் மாடி, இடது கதவு. இங்கே நான் வாழ்ந்தேன். வலது நிலையில் சரிவாக ஒரு தழும்பு இருந்தது. மேல்துளை பெரிது, கீழ்த்துளை சின்னது. அது என்னவென்று தெரியாமல் நாங்கள் அதில் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டோம். தெரியாமல் செய்தது. இவ்வளவுதான். கீழே கையெழுத்து வைத்தேன், தமிழில். ஒட்டாவாக்காரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற ஒரு கடைசி நம்பிக்கை. மிஸ்டர் ஆர்னோ அதைத் தூரப்பிடித்துப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. இப்போது கீழே பெரிய இங்கிலிஷ் எழுத்தில், முழுப்பெயர்" என்றார். முழுப்பெயர். தகப்பன் பெயரோடு. எழுதினேன். என் பெயர் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மாதம் கதவு தட்டப்படும்போதெல்லாம் நான் குளியலறைக்குப் போனேன். அம்மா உடுப்புகளை இரண்டு சூட்கேஸில் அடுக்கி, ஊரில் கலியாணம் என்று உங்களுக்குச் சொல்லி வைத்திருந்தா. குடியுரிமை நாள் வந்தது. சத்தியப்பிரமாணம் செய்தோம். நீதிபதி எனக்குக் கைகொடுத்து, என் பெயரைப் பிழையாகச் சொல்லி, வீட்டுக்கு வருக என்றார். கனடாவுக்கு என்மேல் இருந்த அக்கறையை நான் சற்று அதிகமாக மதிப்பிட்டுவிட்டேன் போலிருக்கிறது. நிரோஷனுக்கு ஒரு காகிதக் கொடி கிடைத்தது.

அந்தக் கிழமைதான் மிஸ்டர் ஆர்னோவுக்கு பேர்லினிலிருந்து படம் வந்தது. நாற்பத்துமூன்றாம் இலக்கத்தின் வாசல். சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பித்தளைச் சதுரங்கள், ஒன்று தகப்பன், ஒன்று ஹன்னா. சுற்றிவர சீமெந்து இன்னும் ஈரமாக இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் இப்போதும் அங்கே ஒருவரும் இருந்ததில்லை என்றுதான் சொல்கிறாராம். ஆனால் நடைபாதை அவருடையது இல்லை. படத்தின் ஓரத்தில் யாரோ ஒருவரின் சப்பாத்து, பாதி தூக்கியபடி விழுந்திருந்தது. அது ஹன்னாவை மிதிக்கப்போகிற காலா, விலகுகிற காலா என்று அவரும் நானும் பூதக்கண்ணாடி வைத்து அரைமணி நேரம் வாதாடினோம். மிதிக்கப்போகிறது என்றேன் நான். விலகுகிறது என்றார் அவர். பிறகு இடம் மாறி, அவர் மிதிக்கும் என்றார், நான் விலகும் என்றேன். படம் இப்போது அவருடைய மேசையில் இருக்கிறது. கால் இன்னும் கீழே வரவில்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும், பிள்ளைகளே. பெரியவர்களான பிறகு இதை வாசித்துவிட்டு, அப்பா எங்களையும் ஹன்னாவையும் ஒரே தராசில் வைக்கிறார் என்று நினைக்கக்கூடாது. நாங்கள் பதினொரு பேரும் அந்தக் கதவால் எங்கள் காலில், எங்கள் பையோடு வெளியே வந்தவர்கள். எங்களுக்குக் கல் தேவையில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது வேறு ஒன்று. அது என்னவென்று நான் ஸ்காபரோவுக்கு வீடு மாறிய அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

அன்று நீங்கள் எல்லோரும் ராசன் மாமாவின் வான் வண்டியில் ஏறி இருந்தீர்கள். பார்க்டேல் கட்டிடத்துச் சுப்பர் ஒரு படிவத்தோடு ஒவ்வொரு அறையாகச் சுற்றி வந்தார். சுவரில் சேதம் இருக்கிறதா, ஆணித்துளை இருக்கிறதா என்று படிவத்தில் ஒரு கேள்வி. நாங்கள் இருந்த பத்து வருஷத்தில் போட்ட துளைகளை எல்லாம் நான்தான் முதல்நாள் அடைத்துப் பெயின்ற் அடித்திருந்தேன். சாமிப்படம் கொழுவிய துளை, தர்ஷினியின் உயரம் குறித்த கோடு, நிரோஷன் பென்சிலால் கீறின பஸ், ஒன்றும் இல்லை. என் வேலை சுத்தமானது. சுப்பர் தடவிப் பார்த்துவிட்டு, "இங்கே யாரும் இருந்த மாதிரியே தெரியவில்லை" என்று என்னைப் பாராட்டினார். ஆணித்துளை ஏதாவது, என்றார். "நோ" என்றேன். கையெழுத்து வைத்தேன். இந்த முறை, வைத்த நேரத்தில், அது உண்மை.

அவர் கீழே போன பிறகு, குடையை விட்டுவிட்டேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு நான் மட்டும் மேலே ஏறினேன். குடை வானுக்குள் இருந்தது. சட்டைப்பையில் இரண்டு ஆணி வைத்திருந்தேன், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. கதவு நிலையில், உள்ளே போகிற வலது பக்கம், தோள் உயரத்தில், விரல் நீளத்துக்கு இடைவெளி விட்டு, சரிவாக இரண்டையும் அடித்தேன். பிறகு பிடுங்கி எடுத்துவிட்டேன். மரத்தூளை ஊதினேன். நாளைக்கோ நாளையன்றைக்கோ யாரோ அதன்மேல் பெயின்ற் அடிப்பான். அடிக்கட்டும். நான் பெயின்ற் அடிக்கிறவன், எனக்குத் தெரியும், பள்ளம் போகாது. விரலால் தடவிப் பார்த்தேன். மேலே பெரியது, கீழே சின்னது.